சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை: வீட்டில் எங்கே தொடங்குவது

மாலை ஆறரை மணி. நாலு வயது மகன் செல்போன் கேட்கிறான். "சாப்பிட்டு முடி, அப்புறம் பார்க்கலாம்" என்கிறேன். சிணுங்குகிறான், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குரலை உயர்த்துகிறான், "ஒரு தடவை சொன்னா புரியாதா" என்று நானும் உயர்த்துகிறேன். தட்டைத் தள்ளிவிடுகிறான், சாம்பார் தரையில் ஓடுகிறது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அலறுகிறான். போனை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வீடு அமைதியாகிவிடுகிறது. மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் வாரத்தில் நாலைந்து நாள் இப்படித்தான் போனது.

அந்த அமைதியில்தான் விஷயம் இருக்கிறது. சிணுங்கினால் கிடைக்காது, தட்டைத் தள்ளி அலறினால் கிடைக்கும் என்று பிள்ளை அப்போது கற்றுக்கொள்கிறான். கொடுத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று நாமும் கற்றுக்கொள்கிறோம். இரண்டு பேருக்கும் கைமேல் பலன் கிடைப்பதால் நாளைக்கும் இதுவே நடக்கும், இன்னும் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு. அன்று நான் முதுகில் ஒன்று வைத்து அவன் அடங்கியிருந்தாலும் கதை மாறியிருக்காது, சத்தமாகவும் பலமாகவும் இருப்பவர் ஜெயிப்பார் என்பதைத்தான் காட்டியிருப்பேன்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வேலை செய்த ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர். 1960களிலிருந்தே அவருடைய குழு கவனிப்பாளர்களை வீடுகளுக்கு அனுப்பியது. அவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து, அம்மா என்ன சொன்னார், பிள்ளை என்ன செய்தான், அதற்கு அம்மா என்ன செய்தார் என்று நொடிக்கணக்கில் குறித்துக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளின் மூர்க்கம் அவர்களுக்குள்ளேயிருந்து தானாகக் கிளம்புவதைவிட, இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கலில் நாள்தோறும் பயிற்சி பெற்று வளர்கிறது என்பது அந்தக் குறிப்புகளில் தெரிந்தது. 1982ல் வந்த அவருடைய புத்தகம் இதைத்தான் விரிவாகச் சொல்கிறது. பெற்றோர் தங்கள் பங்கை மாற்றினால் பிள்ளையின் பங்கும் மாறும் என்ற நம்பிக்கையில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் முறைகள் அங்கிருந்து வளர்ந்தன. ஷீலா ஐபெர்க், கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன், ஆஸ்திரேலியாவில் மேத்யூ சாண்டர்ஸ், யேல் பல்கலைக்கழகத்தில் ஆலன் காஸ்டின் என்று பலர் அதை ஆளுக்கொரு விதமாகச் செதுக்கினார்கள். பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைக்கு மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட வழிகளில் இதுவும் ஒன்று. கீழே நான் எழுதுவது எல்லாம் பெரும்பாலும் இந்த மரபிலிருந்து வருவதுதான், சுமார் இரண்டு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு.

முதலில் மனதை ஆற்றிக்கொள்ள ஒரு தகவல். கனடாவில் ரிச்சர்ட் டிரம்ப்ளே குழு பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், அடிப்பது, கடிப்பது, தள்ளுவது எல்லாம் ஏறக்குறைய இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் உச்சத்துக்குப் போய் பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் குறைந்துவிடுகிறது என்று தெரிந்தது. அதாவது மூன்று வயதுப் பிள்ளை கடித்தால் அவன் ரவுடியாக வரப்போகிறான் என்று அர்த்தமில்லை, வேறு வழி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வேறு வழியைக் கற்றுக்கொடுப்பதுதான் நம் வேலை.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பழைய நோட்டை எடுத்து ஒரே ஒரு பிரச்சினையை மட்டும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு நேரத்துப் போன். ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் போதும்: அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம். "ரொம்ப சேட்டை பண்ணான்" என்று எழுதாதீர்கள். "தட்டைத் தள்ளினான், பத்து நிமிடம் கத்தினான்" என்று எழுதுங்கள்.

எங்கள் நோட்டில் நாலாவது நாளே எனக்கு உறைத்தது. மதியம் தூங்காத நாட்களில்தான் மாலையில் அலறல். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள், அவனுக்கு ஒன்பதுதான் கிடைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, ஆறு முறை எழுதியதில் ஐந்து முறை கடைசி வரி "போன் கொடுத்தோம்". யாரும் எனக்கு அறிவுரை சொல்லத் தேவையிருக்கவில்லை, என் கையெழுத்திலேயே இருந்தது. தூக்கத்தைச் சரிசெய்ததிலேயே பாதி பாரம் இறங்கியது. பசி, தூக்கம், நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பது, இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஐந்து நிமிட விளையாட்டு

தண்டனையைப் பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் வரிசை முக்கியம். ஐபெர்க் 1970களில் தொடங்கிய சிகிச்சையில் முதல் பாதி முழுக்க விளையாட்டுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிகிச்சையாளர் நிற்பார், பெற்றோரின் காதில் ஒரு கருவி இருக்கும், பிள்ளையோடு விளையாடும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று காதில் சொல்லிக்கொடுப்பார். நம் வீட்டில் காதுக்கருவி இல்லை, பரவாயில்லை.

தினமும் ஐந்து நிமிடம், ஒரே நேரத்தில். போன் இன்னொரு அறையில். பிளாக்ஸ், களிமண், சொப்புச் சாமான், வரைவது, இப்படி எதுவும் சரி. ஜெயிக்கிறது தோற்கிறது உள்ள விளையாட்டு வேண்டாம். விளையாட்டை அவன்தான் நடத்துவான், நீங்கள் பின்னால் போக வேண்டும். அவன் செய்வதை வாயால் சொல்லுங்கள்: "சிவப்புக் கட்டையை மேலே வைக்கிற, இப்போ பச்சை." அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். அவன் செய்வதைப் போலவே நீங்களும் செய்யுங்கள். நன்றாகச் செய்ததைப் பாராட்டுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று விஷயங்கள் கூடாது: கேள்வி, கட்டளை, குறை. "இது என்ன கலர்?" என்று கேட்கக்கூடாது, அது பரீட்சை. "இப்படி வைடா" கூடாது. முதல் நாள் நான் என் வாயைக் கட்டிப்போடத் திணறிவிட்டேன், நாம் பிள்ளைகளிடம் பேசுவதில் எவ்வளவு பங்கு கேள்வியும் ஏவலும் என்று அப்போதுதான் தெரிந்தது.

முக்கியமான ஒன்று, அன்று அவன் எவ்வளவு சேட்டை செய்திருந்தாலும் இந்த ஐந்து நிமிடத்தை ரத்து செய்யாதீர்கள். இதைப் பரிசாக ஆக்கினால் இதன் வேலை கெட்டுவிடும். பத்து நாளில் அவனே அந்த நேரத்துக்கு வந்து பாயை விரித்து உட்கார்ந்தான்.

பாராட்டுவது, அதிலும் குறிப்பாக

"குட் பாய்" என்பதில் பிள்ளைக்குத் தகவல் எதுவும் இல்லை. "நான் கூப்பிட்டதும் டிவியை அணைச்சிட்டு வந்துட்ட, ரொம்ப நல்லாயிருந்தது" என்பதில் இருக்கிறது. காஸ்டின் சொல்லும் முறை எளிது: பிள்ளை எதைச் செய்யக்கூடாது என்று நினைக்கிறோமோ அதற்கு நேர் எதிரான செயலைக் கண்டுபிடித்து, அது நடக்கும் ஒவ்வொரு முறையும் அதே நொடியில், என்ன செய்தான் என்று பெயர் சொல்லி, தலையை வருடியோ தோளைத் தட்டியோ பாராட்ட வேண்டும். தம்பியை அடிக்கக்கூடாது என்றால், தம்பியின் பக்கத்தில் அடிக்காமல் விளையாடும் இரண்டு நிமிடத்தைப் பார்க்க வேண்டும். அமைதியாக இருக்கும்போது யார் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறோம், அப்போதுதானே பாத்திரம் தேய்க்கிறோம், இங்கேதான் நாம் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

நல்லது நடக்கவே இல்லையே, எதைப் பாராட்டுவது என்றால், அதற்கும் காஸ்டினிடம் ஒரு வழி உண்டு: பொய்யாக ஒத்திகை. நல்ல மனநிலையில் இருந்த ஒரு காலையில் மகனிடம் சொன்னேன், "வா, ஒரு விளையாட்டு. போன் கிடையாதுன்னு நான் பொய்யா சொல்லுவேன். நீ கோபப்படலாம். ஆனா தட்டைத் தொடக்கூடாது, கத்தக்கூடாது." அவன் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, மூக்கால் புஸ்ஸென்று மூச்சுவிட்டான். கைதட்டிக் கட்டிப்பிடித்தேன். இன்னொரு தடவை என்று அவனே கேட்டான். நாலு நாள் கழித்து உண்மையிலேயே போன் மறுத்தபோது அதே பிதுக்கிய உதடு, அதே புஸ், தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று நான் பாராட்டிய பாராட்டு தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஸ்டார் ஒட்டும் அட்டையும் நல்லதுதான். ஒரு செயலுக்கு மட்டும் வையுங்கள், அன்றன்றே சின்னப் பரிசு கிடைக்கும்படி வையுங்கள், ராத்திரி கூடுதலாக ஒரு கதை என்பது போல. வாங்கிய ஸ்டாரைத் தப்பு செய்ததற்காகப் பிடுங்காதீர்கள்.

சொல்வதைச் சொல்லும் விதம்

சமையலறையிலிருந்து "டேய், எத்தனை தடவை சொல்றது" என்று கத்துவது கட்டளையே கிடையாது, அதில் என்ன செய்ய வேண்டும் என்பதே இல்லை. பக்கத்தில் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: "கட்டைகளை இந்தக் கூடையில போடு." "போடலாமா செல்லம்?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பதும் சரியான பதில்தான், அப்புறம் அவனைக் கோபிக்க முடியாது. செய்யாதே என்பதைவிடச் செய் என்பது நல்லது. "ஓடாதே" என்றால் ஓடுவதுதான் காதில் விழும், "என் கையைப் பிடிச்சுட்டு நட" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள், பிள்ளைக்குக் கேட்டு, புரிந்து, எழுந்திருக்க அவ்வளவு நேரம் வேண்டும். நாமோ அதற்குள் மூன்று தடவை திருப்பிச் சொல்லி, மூன்றாவதுக்கு எழுந்தால் போதும் என்று பழக்கிவிடுகிறோம்.

பூச்சாண்டி வரும், போலீஸ்காரர் பிடித்துப் போவார், டாக்டர் ஊசி போடுவார், அப்பா வரட்டும், இந்த மிரட்டல்களை நிறுத்துங்கள். ஒன்றும் நடக்காது என்று பிள்ளை ஒரு மாதத்தில் தெரிந்துகொள்ளும், நடுவில் டாக்டரைப் பார்த்தாலே நடுங்கும் பழக்கம் மட்டும் மிச்சமாகும்.

கண்டுகொள்ளாமல் இருப்பது

சிணுங்கல், முனகல், கையைக் காலை உதைத்து அழுவது போன்ற யாருக்கும் ஆபத்தில்லாத செயல்களுக்குக் கவனம்தான் தீனி. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பாருங்கள். திட்டுவதும் கவனம்தான், முறைப்பதும் கவனம்தான். அழுகை நின்ற அந்த நொடியே திரும்பி, சாதாரணக் குரலில் பேசத் தொடங்குங்கள், பழையதைக் கிளறாதீர்கள்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இதைச் சொல்லாததால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். நீங்கள் கொடுப்பதை நிறுத்தியதும் அடம் முதலில் கூடும். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்கவில்லை என்றால் யாருமே அதை இன்னும் வேகமாகச் செய்து பார்ப்பார்கள், சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் நாலு தடவை அழுத்திப் பார்ப்பது போல. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் நாற்பது நிமிடம். நான் குளியலறைக்குள் போய் நின்று அழுதேன். அந்த நாற்பதாவது நிமிடத்தில் கொடுத்திருந்தால், நாற்பது நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்திருப்பேன். ஐந்தாம் நாள் பன்னிரண்டு நிமிடம். அதனால் தாங்க முடியும் என்று தெரிந்தால் மட்டும் தொடங்குங்கள், வீட்டில் விசேஷம், விருந்தாளி, பரீட்சை இருக்கும் வாரத்தில் தொடங்க வேண்டாம். தாங்காது என்று தெரிந்தால், சிணுங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுவது மேல்.

அடுத்தவரை அடிப்பது, கடிப்பது, ரோட்டில் ஓடுவது, இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. அதற்குத்தான் டைம் அவுட்.

டைம் அவுட் என்றால் என்ன, என்ன இல்லை

இருட்டு அறையில் பூட்டுவது, வாசலுக்கு வெளியே நிறுத்துவது, முட்டி போட வைப்பது எதுவும் டைம் அவுட் இல்லை, அது பயமுறுத்தல். சுவாரசியமான இடத்திலிருந்து கொஞ்ச நேரம் விலக்கி, சுவாரசியமில்லாத நாற்காலியில் உட்காரவைப்பது மட்டும்தான். வீட்டில் சுவாரசியமே இல்லை என்றால் விலக்குவதில் ஒன்றும் இருக்காது, அதனால்தான் ஐந்து நிமிட விளையாட்டு முதலில் வர வேண்டும் என்றேன்.

எந்தச் செயலுக்கு என்று நல்ல நேரத்தில் முன்பே சொல்லிவையுங்கள், பொம்மையை வைத்து நடித்தும் காட்டுங்கள். அடித்தால் உடனே, பேச்சில்லாமல், நீங்கள் பார்க்கும் தூரத்தில் உள்ள நாற்காலிக்கு. மூன்று நிமிடம் போதும், கடைசியில் சில நொடி அமைதியாக இருந்தால் எழலாம். நடுவில் உபதேசம் வேண்டாம். சொன்ன வேலையைச் செய்யாததற்காக உட்காரவைத்திருந்தால், எழுந்ததும் அதே வேலையை அமைதியாக மறுபடி சொல்லுங்கள், இல்லையென்றால் நாற்காலி வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிடும். செய்ததும் முதல் நல்ல செயலைத் தேடிப் பாராட்டுங்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை தேவைப்படுகிறது என்றால் எங்கோ பாராட்டு குறைகிறது, அதைப் பாருங்கள்.

அடி உதவுமா

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று வளர்ந்தவர்கள்தான் நாம். நானும் அடி வாங்கி வளர்ந்தவள்தான், என் பெற்றோர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் 2016ல் ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகளிலிருந்து 75 ஆய்வுகளை, 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, அடிப்பதால் பிள்ளை நல்வழிக்கு வந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதிகம் அடி வாங்கிய பிள்ளைகளிடம் மூர்க்கமும் மனப் பிரச்சினைகளும்தான் அதிகம் தெரிந்தன. முரட்டுப் பிள்ளை என்பதால் அடி விழுந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது, ஆனால் காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும் அடி பிரச்சினையைக் குறைக்கவில்லை. அடி அந்த நொடியில் நிறுத்தும், அதனால்தான் நம் கைக்குப் பழக்கமாகிறது. ஸ்வீடன் 1979லேயே வீட்டிலும் அடிப்பதைத் தடை செய்தது. இந்தியாவில் 2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது, ஆகவே "நாலு போடுங்க சார், கண்ணை மட்டும் விட்டுடுங்க" என்று வாத்தியாரிடம் சொல்வதை நாம் முதலில் நிறுத்த வேண்டும்.

கை ஓங்கிவிட்டால், அல்லது அடித்தே விட்டால், பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா கோபத்துல அடிச்சிட்டேன், அது தப்பு" என்ற ஒரு வரி போதும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால்

நான் மறுத்ததை மாமியார் கொடுத்துவிடுவார், இது எல்லா வீட்டுப் பிரச்சினையும்தான். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் நோட்டைக் காட்டிச் சொன்னேன்: "அத்தை, அவன் அழும்போது மட்டும் கொடுக்காதீங்க. அழாம கேட்டா நீங்களே கொடுங்க, நான் கொடுக்கல." அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேரனுக்கு மிட்டாய் கொடுக்கும் சந்தோஷம் அவரிடமே இருந்தது, நேரம் மட்டும் மாறியது. இரண்டாம் வாரம், "அழாம கேளு கண்ணு, பாட்டி தர்றேன்" என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

கணவன் மனைவி இருவரும் ஒரே பதில் சொல்வதும் அவ்வளவு முக்கியம். 2008ல் ஜெனிஃபர் காமின்ஸ்கியும் மற்றவர்களும் 77 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், பெற்றோர் பயிற்சியில் எந்தப் பகுதி அதிகம் பலன் தருகிறது என்று. பிள்ளையோடு நல்லபடி பழகுவது, உணர்வுகளைப் பேசுவது, டைம் அவுட்டைச் சரியாகச் செய்வது, சொன்ன சொல்லில் நிலையாக நிற்பது, இதையெல்லாம் பயிற்சியின்போதே சொந்தப் பிள்ளையோடு செய்து பழகுவது, இவைதான் முன்னால் நின்றன. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள், படித்தால் மட்டும் வராது. ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு நானும் கணவரும் ஒருவர் பிள்ளையாக, ஒருவர் பெற்றோராக நடித்துப் பார்த்தோம், அதில்தான் என் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று அவர் சொல்லித் தெரிந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. 1969ல் கான்சாஸில் ஒரு நாலாம் வகுப்பில் சோதித்த நல்நடத்தை விளையாட்டைத் தேடிப் படியுங்கள். வகுப்பை அணிகளாகப் பிரித்து, விதி மீறினால் அணிக்கு ஒரு புள்ளி விழும், குறைவான புள்ளி உள்ள அணிகள் எல்லாமே ஜெயிக்கலாம், அவ்வளவுதான். பின்னர் பால்டிமோர் நகரில் 1985ல் ஒன்றாம் வகுப்புகளில் இதை நடத்தி, அந்தப் பிள்ளைகளை இருபது வயதுவரை பார்த்தபோது, தொடக்கத்தில் மூர்க்கமாக இருந்த பையன்களிடம் போதைப் பழக்கம் குறைவாக இருந்தது.

எப்போது உதவி தேடுவது

இதையெல்லாம் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தும் அசையவில்லை, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி பிரச்சினை, விலங்குகளை வதைக்கிறான், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்பாமை இருந்தால் காத்திருக்காமல் உடனே, காது கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லுங்கள். அதீதத் துறுதுறுப்பு, கவனமின்மை என்று சொன்னாலும் பயப்பட வேண்டாம், ஆறு வயதுக்குக் கீழ் முதலில் பெற்றோர் பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது, மருந்து அதற்குப் பிறகுதான். நல்லபடியாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், யாரிடமாவது தனியாக இருக்க மறுத்தால், அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாமல் மெதுவாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் குழந்தை பாதுகாப்புக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்களில் கூப்பிடலாம். அம்மாவோ அப்பாவோ தூக்கமில்லாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டு இருந்தாலும் அந்த இரண்டாவது எண் உங்களுக்கும்தான்.

இன்று ராத்திரிக்கு ஒரு வேலை மட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு, எந்த ஒரு பிரச்சினை என்று எழுதுங்கள், அதற்குக் கீழே நாளைக்கு விளையாடப்போகும் ஐந்து நிமிடம் எத்தனை மணிக்கு என்று குறித்து, குளிர்சாதனப் பெட்டி மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.